நிறுத்த இடமுண்டு, நடக்க இடமில்லை

டைசன்ஸ், வர்ஜீனியா

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

தி.நகரில் பனகல் பூங்காவைச் சுற்றிச் சுற்றி வந்தும் வண்டி நிறுத்த இடம் கிடைக்காமல், தீபாவளித் துணி எடுக்காமலே வீடு திரும்பியதாக எழுதியிருந்தீர்கள். “அமெரிக்காவில் உனக்கு இந்தத் தொல்லை ஏது, கொடுத்துவைத்தவன்!” என்றும் ஒரு வரி. அதற்குத்தான் இந்தப் பதில்.

வாஷிங்டனுக்கு மேற்கே இருக்கும் இந்த டைசன்ஸைக் கடைவீதி என்றால் நீங்கள் ரங்கநாதன் தெருவை நினைத்துக்கொள்வீர்கள். இங்கே வீதியில் கடை இல்லை, கடைக்குள்தான் வீதி! ஒரு காலத்தில் இது வயலும் நாற்சந்தியும்தான். 1964இல் வாஷிங்டனைச் சுற்றி வட்டச்சாலை போட்டு முடித்தார்கள். 1968இல் பெரிய மால் வந்தது, 1988இல் சாலைக்கு அந்தப்பக்கம் இன்னொன்று. நடுநடுவே அலுவலகக் கோபுரங்கள். 2010 வாக்கில் லட்சம் பேருக்கு மேல் வேலை பார்த்த ஊரில் குடியிருந்தவர்கள் சுமார் 17,000 பேர். கார் நிறுத்தும் இடங்களோ வேலை பார்ப்பவர்களைவிட அதிகம். மனிதனுக்கு வீடு கட்டுவதற்கு முன்பே காருக்குக் கட்டிவிட்டார்கள்.

அப்படியானால் நிறுத்துவது சுலபம்தானே என்பீர்கள். இடம் தாராளம். ஆனால் எல்லோருக்கும் வாசலை ஒட்டிய இடம்தான் வேண்டும். டிசம்பரில் வந்து பாருங்கள். பையோடு வெளியே வருகிறவர் பின்னால் நாலைந்து கார் ஊர்வலமாக ஊர்ந்து வரும். அவர் பையைக் காரில் போட்டுவிட்டு மறுபடி கடைக்கே திரும்பினால், ஊர்வலத்தார் முகத்தைப் பார்க்கச் சகிக்காது. இப்படிக் கால்மணி நேரம் வட்டமடித்து நாற்பதடி நடையை மிச்சம் பிடித்தவர், உள்ளே போய் மாடி மாடியாக மைல்கணக்கில் நடப்பார். திரும்பி வந்தால் காரைக் காணோம். பார்க்கிங் கட்டடத்தில் எல்லாத் தளமும் ஒரே அச்சு. சாவிப் பொத்தானை அழுத்தி அழுத்தி, எங்கிருந்து ‘கீக்’ சத்தம் வருகிறதென்று தேடி அலைகிறவர்களைத் தினமும் காணலாம். உங்கள் மருமகள் உஷார்ப் பேர்வழி. இறங்கியதும் தூணில் இருக்கும் எண்ணைப் படம் பிடித்துக்கொள்வாள். அவள் போனில் பேரன் படத்தைவிடத் தூண் படம் அதிகம்.

எதிர்ச்சாரியில் ஒரு சாப்பாட்டுக் கடை கண்ணுக்குத் தெரியும். நடுவில் 7ஆம் எண் நெடுஞ்சாலை. பொத்தானை அழுத்திக் காத்திருந்தால் நடக்கச் சொல்லி விளக்கு எரியும். பாதி தாண்டுவதற்குள் எண்கள் இறங்கத் தொடங்கிவிடும். அதனால் ஜனங்கள் எதிர்க்கடைக்கும் காரில் போய், அங்கேயும் வாசலோர இடம் தேடுகிறார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலும் இங்கே சாலை முட்டிக்கொள்வது இதனால்தான்.

வட்டச்சாலையில் 2012 முதல் விரைவுத் தடம் என்று ஒன்று உண்டு. கட்டணம் கோயம்பேட்டுத் தக்காளி விலைபோல நேரத்துக்கு நேரம் ஏறும், இறங்கும். காருக்குள் மூன்று தலை இருந்து, அதைத் தெரிவிக்கும் கருவியும் இருந்தால் காசே இல்லை. ஆகவே நீங்களும் சித்தியும் ஆறு மாதம் வந்து தங்குங்கள். விருந்தாளி வந்தால் செலவு குறைகிற ஊர் வேறு எங்கே கிடைக்கும்?

2014 ஜூலையில்தான் இங்கே மெட்ரோ ரயில் வந்தது. சுரங்கத்தில் விடச் சொல்லிப் பலர் வாதாடினார்கள். செலவைப் பார்த்துப் பெரும்பாலும் தூண்மேல் ஓட விட்டார்கள். டைசன்ஸில் மட்டும் நான்கு நிலையங்கள். வேடிக்கை என்னவென்றால், காருக்கே வாழ்ந்த ஊரில் அந்த நிலையங்களுக்குப் பார்க்கிங் கட்டடம் கட்டவில்லை. மறதியல்ல, வேண்டுமென்றே! ‘நடந்து வா, இல்லை பஸ்ஸில் வா’ என்பது ஏற்பாடு. ஒரு நிலையத்திலிருந்து மாலுக்குத் தலைக்கு மேல் நடைபாலம். கார் நின்ற மைதானங்களில் இப்போது குடியிருப்புகள் எழும்புகின்றன. 2050க்குள் லட்சம் பேரைக் குடியமர்த்த வேண்டுமென்று 2010இலேயே கவுண்டி (மாவட்ட) நிர்வாகம் திட்டம் போட்டுவிட்டது. 2022 நவம்பர் முதல் டல்லஸ் விமான நிலையத்துக்கும் ரயில் போகிறது. நீங்கள் வந்தால் அழைத்துவரக் கார்கூட வேண்டாம்.

காருக்காகக் கட்டிய ஊர், பணத்தைக் கொட்டி நடை பழகிக்கொண்டிருக்கிறது. ஜனங்கள் நடந்து நடந்தே வளர்ந்த தி.நகர், காருக்கு இடம் கேட்டு அழுகிறது. 2019இல் பாண்டி பஜாருக்கு அகலமான நடைபாதை வந்தது. 2023இல் மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து பஸ் நிலையம்வரை ஆகாய நடைபாலம் வந்தது. பனகல் பூங்காவுக்கு அடியில் மெட்ரோவும் வரப்போகிறது. மேற்கு மாம்பலத்தில் இருந்துகொண்டு தி.நகருக்குக் காரை எடுப்பானேன்? சித்திக்கு முட்டி வலித்தால் ஓர் ஆட்டோ போதும்.

தி.நகருக்குப் பெரிய மால் வரவில்லையே, அடுக்குமாடிப் பார்க்கிங் போதவில்லையே என்று ஏங்க வேண்டாம் சித்தப்பா. எத்தனை அடுக்கு கட்டினாலும் அத்தனைக்கும் கார் வந்துவிடும். இங்கே கண்கூடாகப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். பாண்டி பஜார் நடைபாதையில் எவனாவது பைக்கை ஏற்றினால், உங்கள் பிரசித்தி பெற்ற குரலில் ஒரு சத்தம் போடுங்கள்.

அன்புடன்,
ரவி