அலைக்கோட்டுக் குமாரும் துஞ்சிய நன்மாறனும்: பெயர்ப் பிணக்கு குறித்து ஓர் ஆய்வு

நிலத் தகராறு என்றால் பட்டா கேட்கலாம், வில்லங்கம் போட்டுப் பார்க்கலாம். 'குமார்' என்ற பெயருக்கு இருவர் உரிமை கோரினால் எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போவது? வெறும் பெயர் யாருக்கு, வால் யாருக்கு? அறிஞர் உலகம் இதில் வாய் திறக்காததால் இவ்வாய்வாளர் பேனாவைத் திறக்க நேர்ந்தது.

முதன்மைச் சான்று விக்கிப்பீடியா. தொடக்கத்தில் அங்கே மொழிக்கொரு கணக்கு. தமிழ் விக்கியில் ஒரு குமார் இருக்க, மலையாள விக்கியில் வேறொரு குமார் இருக்கலாம்; சந்திப்பும் இல்லை, சண்டையும் இல்லை. 2008 முதல் எல்லா விக்கிகளுக்கும் ஒரே கணக்கு என்று சேர்க்கத் தொடங்கி, 2015 ஏப்ரலில் மிச்சமிருந்த மோதல்களையும் தீர்த்தார்கள். வெறும் பெயரை வெல்ல, நிர்வாகி போன்ற பொறுப்பு துணை நின்றது. அடுத்து, செய்த தொகுப்புகளின் எண்ணிக்கை. தோற்ற குமாரின் பெயருக்குப் பின்னால் ஓர் அலைக்கோடு, அதையொட்டி அவரது விக்கியின் குறியீடு. தமிழ்க் குமார் தோற்றால் 'குமார்~டிஏவிக்கி'. ஏதோ தொலைபேசிக் கம்பியில் சிக்கிக்கொண்ட பட்டம் போல இருக்கிறது.

டிஸ்கார்டு என்ற அரட்டைத் தளத்தில் நடந்தது கணக்கு இணைப்பு அன்று. நோய் மட்டும் அதேதான். நெடுங்காலம் அங்கே எல்லாக் குமார்களுக்கும் நான்கிலக்க எண் உண்டு, ரேஷன் கடை டோக்கன் மாதிரி. வெறும் குமார் என்று எவரும் இல்லாததால் எவருக்கும் மனக்குறை இல்லை. 2023-இல் எண்ணை எடுத்துவிட்டு, பழைய கணக்குக்காரர்கள் முதலில் பெயரைப் பிடித்துக்கொள்ளலாம் என்றார்கள். முதல் பந்தியிலேயே அப்பளம் தீர்ந்தது.

உழைப்பைப் பார்த்தாலும் மூப்பைப் பார்த்தாலும் அநீதி ஒன்றே. வென்றவர் சும்மா குமாராக உலாவ, தோற்றவர் மட்டும் தாம் எந்தக் குமார் என்று காலமெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். புறநானூற்றில் இந்தக் கோளாறு இல்லை. இரண்டு பாண்டிய நன்மாறன்கள் பெயரில் மோதியபோது, ஒருவர் இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறன், மற்றவர் சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன் ஆனார்கள். யார் முந்தியவர், யார் அதிகப் போர் செய்தவர் என்ற கணக்கே இல்லை. இருவருக்கும் உயிர் துறந்த இடமே அடைமொழி, இருவருக்கும் சம நீளத் தொல்லை. இவ்வாய்வாளர் கண்டவரையில் இதைவிட நேர்மையான தீர்ப்பு கிடையாது. நடைமுறைச் சிக்கல் ஒன்றுதான்: கணக்குத் தொடங்கும்போதே 'துஞ்சிய இடம்' என்ற கட்டத்தை நிரப்பச் சொன்னால் ஆள் வரமாட்டார்கள்.

உயிரோடு இருப்பவர்களுக்கான திருத்திய வடிவம் எங்கள் தெருவில் வழக்கில் உள்ளது: மாடிவீட்டுக் குமார், கீழ்வீட்டுக் குமார். மாடிவீட்டார் காலி செய்து ஆறு வருடமாகியும் கீழ்வீட்டாருக்கு வெறும் குமார் திரும்பக் கிடைக்கவில்லை. போன வருடம் அவரும் வேறொரு தெருவில் மூன்றாம் மாடிக்குக் குடிபோனார். சென்ற முகூர்த்தத்தில் மொய் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன்: 'கீழ்வீட்டுக் குமார், ரூ. 501'.