ஐந்துக்கு இருபது

2004 முதல் நம் விமானத் துறையில் ஒரு விதி இருந்தது. இந்திய கம்பெனி வெளிநாட்டுக்குப் பறக்க வேண்டுமானால், உள்ளூரில் ஐந்து வருடம் ஓட்டியிருக்க வேண்டும். கையில் இருபது விமானமும் வேண்டும். இதெல்லாம் சொந்தப் பிள்ளைகளுக்குத்தான். 2009-இல் பறக்கத் தொடங்கிய துபாய் கம்பெனி ஃபிளைதுபாய் மறுவருடமே லக்னோவில் ஜம்மென்று வந்து இறங்கியது.

விதியை எடுக்கலாம் என்று பேச்சு வந்ததும் பழைய கம்பெனிகள் கொதித்தன. நாங்கள் பட்டோமே, புதியவர்களும் படட்டும் என்ற மாமியார் நியாயம்! 2016-இல் ஐந்து வருடம் போனது, இருபது விமானம் நின்றது.

டிக்கெட் விலைக்கு உச்சவரம்பு என்றால் மட்டும் இவர்களுக்குச் சுதந்திரச் சந்தை ஞாபகம் வந்துவிடும். விமானிக்கு அந்தச் சந்தை கிடையாது. 2017 விதிப்படி, கூடுதல் சம்பளம் கிடைக்கிறதென்று ஒரு கேப்டன் இன்று ராஜினாமா கொடுத்தால், விடுதலை அடுத்த வருடம்தான். துணை விமானிக்குக் கொஞ்சம் கருணை: ஆறு மாதம். பொதுநலனாம்!

2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் கடையை மூடியபோது, அதன் விமானிகளுக்கு யாரும் ஒரு வருட நோட்டீஸ் கொடுக்கவில்லை.