மதுரைச் சம்பந்தம்

ஸ்பார்க் ஒரு ஷஃபிளுக்கு வழக்கமாக 200 துண்டு போடும். போஸ்ட்கிரெஸ் வழக்கமாக 100 இணைப்புத்தான் தாங்கும். இந்த லட்சணத்தில் வரிக்கொரு இணைப்பைத் திறந்துவிட்டு, ‘சேர்வர் ஸ்லோ’ என்று கையை விரிக்கிறார் குண்டசாலைப் பொறியியலாளர் ஒருவர்.

டிரைவரில் திறந்ததைப் பொதிகட்டி எக்சிகியூட்டருக்கு அனுப்பவும் முடியாது, சீரியலைஸ் ஆகாது. எக்சிகியூட்டருக்கு ஒரு பூல், பார்ட்டிஷனுக்கு ஓர் இணைப்பு, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுப்பது. அவ்வளவுதான் வித்தை.

இதே குண்டசாலையில் மாளிகை கட்டியிருந்த கண்டியின் நரேந்திரசிங்க மன்னர் மதுரையில் பெண்ணெடுத்தார். பட்டத்துக்குப் பிள்ளையில்லை, 1739இல் மச்சான் அரசரானார். அவரும் மதுரையிலேயே பெண்ணெடுத்தார், அவருக்கும் வாரிசில்லை. 1747இல் மறுபடியும் மச்சான்!

அந்த இணைப்பை மூட 1815இல் ஆங்கிலேயர் வரவேண்டியிருந்தது. நம்மவர் நிரலிலோ ‘க்ளோஸ்’ என்ற சொல்லே இல்லை.