சோமனூருக்கு வந்த ஏழு பாட்டு

தறிச் சத்தத்தில் வளர்ந்தவனுக்கு ராக் இசையைப் பழக்கிவிட ஆள் தேவையில்லை. எங்கள் குடோனில் எட்டுத் தறி. ஒவ்வொன்றிலும் நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் நாடா போய் வரும். எட்டும் கிட்டத்தட்ட ஒரே வேகம்தான், ஆனாலும் ஒரே தாளத்தில் ஓடாது. ஒன்று முந்தும், ஒன்று பிந்தும், திடீரென எல்லா அடியும் ஒன்றாக விழும், மறுபடி பிரிந்துபோகும். அந்த ஒன்றாக விழுகிற இடத்துக்குக் காத்திருந்து கேட்கும் பழக்கம் எனக்குப் பள்ளிக்கூடம் போகும் முன்பே வந்துவிட்டது. சோமனூர், கருமத்தம்பட்டி, சாமளாபுரம் பக்கம் பிறந்த யாரையும் கேட்டுப் பாருங்கள். தறி ஓடினால் தூங்குவோம், நின்றால் விழித்துக்கொள்வோம் என்பார்கள்.

2000-இல் ‘இந்தியன் ஓஷன்’ என்ற டெல்லி இசைக்குழுவின் ‘கந்தீசா’ ஆல்பம் வெளிவந்தது. கோவையில் படித்துக்கொண்டிருந்த பெரியப்பா மகன், கிராஸ்கட் ரோட்டில் அதன் கேசட்டை வாங்கி வந்து என் கையில் கொடுத்தான். ஏழு பாட்டு. தலைப்புப் பாட்டு கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் தேவாலயத்தில் பாடும் பழைய சிரியாக் மொழித் துதி. ‘மா ரேவா’ நர்மதைக் கரை மக்களின் பாட்டு. அதைக் குழுவுக்குக் கொண்டுவந்த ராகுல் ராம், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு நர்மதைப் போராட்டத்தில் போய் நின்றவர். சுஸ்மித் சென் கிதார், அமித் கிலாம் டிரம்ஸ், அஷீம் சக்ரவர்த்தி தபலாவும் பாட்டும். அஷீம் மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கை தாளத்தில் இருக்க, வாய் திறந்து பாடுவார். ராக் கச்சேரி என்றால் குதிப்பது என்று நினைத்திருந்த எங்களுக்கு அவருடைய புகைப்படமே ஒரு பாடமாக இருந்தது.

எனக்கு இந்தி தெரியாது. ஊரிலும் அன்று அதைச் சொல்லித்தர ஆள் இல்லை. சத்தத்தை வைத்துத்தான் கேட்டோம். குடோனில் பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கையசைத்துத்தான் பேசுவோம் என்பதால், வாக்மேனைச் சத்தமாக வைத்தால் மட்டும் பாட்டு காதில் ஏறும். அப்பா ஒருநாள் வந்து தோளைத் தொட்டார்.

“ஏண்டா கண்ணு, காதுல இதை மாட்டிக்கிட்டு நின்னா தறி நின்னது எப்படித் தெரியும்?”

“தாளம் மாறுமுங்கப்பா, தெரிஞ்சுரும்.”

அவர் நம்பவில்லை. பேசாமல் பின்னால் போய் ஆறாவது தறியை நிறுத்தினார். நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா சிரித்துக்கொண்டே வந்து வாக்மேனை வாங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டார். ‘மா ரேவா’ ஓடிக்கொண்டிருந்தது. முழுப் பாட்டையும் கேட்டார். “இதுக்கு நம்ம பசங்க ஒயிலாட்டம் ஆடலாம்டா” என்று சொல்லிவிட்டு, அறுந்த பாவு நூலை முடிபோடப் போய்விட்டார். அந்த ஆல்பத்தைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியதைப் பின்னால் படித்திருக்கிறேன். எனக்கு அப்பா சொன்னதுதான் சரியான விமர்சனம்.

2003-இல் ‘ஜீனி’ வந்தது. தலைப்புப் பாட்டு கபீருடையது. உடம்பை மெல்லிய இழையில் நெய்த துணியாகப் பாடிய நெசவாளியின் பாட்டை, நெசவு ஊரில் தறிக்கு நடுவே நின்று கேட்கிற பாக்கியம் எங்களுக்குக் கிடைத்தது. அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து சினிமாப் பாட்டுகள்தான் வந்தன. ‘பிளாக் ஃப்ரைடே’ படத்துக்கு அவர்கள் போட்ட ‘பந்தே’ நாடு முழுக்க ஒலித்தது. படமே வழக்கில் சிக்கி 2007-இல்தான் திரைக்கு வந்தது. தனி ஆல்பம் வரவே இல்லை. குழு கலைந்துவிட்டதோ என்றுகூட நண்பர்களுக்குள் பேசிக்கொண்டோம். கலையவில்லை. கரோல்பாகில் ஒரு பழைய வீட்டில் பயிற்சி செய்வதும் ஊர் ஊராகக் கச்சேரி செய்வதுமாக இருந்தார்கள். அவர்களுக்குச் சோறு போட்டது மேடைதான்.

2009 டிசம்பர் 25 அன்று அஷீம் இறந்துபோனார். மாரடைப்பு. வயது 52.

ஏழு வருட இடைவெளிக்குப் பின் 2010 ஜூலையில் வரத் தொடங்கிய ஆல்பம், அஷீம் உயிரோடு இருந்தபோது பாடி வாசித்துப் பதிவான பாட்டுகள். பெயர் ‘16/330 கஜூர் ரோடு’, அவர்கள் பயிற்சி செய்த அந்தக் கரோல்பாக் வீட்டின் முகவரி. வெளியிட்ட விதம் அன்றைக்கு நாட்டில் பெரிய செய்தி. கம்பெனிகள் தருகிற பங்கை நம்பி இருந்தது போதும் என்று, ஏழு பாட்டையும் மாதத்துக்கு ஒன்றாகத் தங்கள் இணையதளத்தில் இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள். முதல் ஆல்பம் 1993-இல் ஹெச்.எம்.வி. வழியாக வந்த குழு, பதினேழு வருடம் கழித்துத் தன் பாட்டைத் தானே கொண்டுவந்து கேட்கிறவர் கையில் கொடுத்தது.

கொடுத்தது இலவசம்தான், சோமனூரில் அதை வாங்குவது சுலபமாக இல்லை. மின்வெட்டுக் காலம் அது. எங்கள் ஊரில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த நண்பனிடம் மாதா மாதம் போய் நிற்பேன். பாட்டு முக்கால்வாசி இறங்கும்போது கரண்ட் போகும். வந்த பிறகு முதலிலிருந்து தொடங்க வேண்டும். கரண்ட் போன நொடியில் தெருவில் எல்லாத் தறியும் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்கிற சத்தம் கேட்கும். தறிக்காரர்கள் வாசலுக்கு வந்து உட்காருவார்கள். அடுத்த இரண்டு வருடத்தில் மின்வெட்டு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரத்தையும் தாண்டியது. அந்த இருட்டில் பலர் கைவிட்ட தறி மறுபடி ஓடவே இல்லை. இறங்கிய பாட்டை மெமரி கார்டில் ஏற்றி வந்து, ப்ளூடூத்தில் நாலு பேருக்கு அனுப்பி, தறி நின்றுகிடந்த குடோனில் உட்கார்ந்து கேட்போம். பத்து வருடத்துக்கு முன் தறியோடு மல்லுக்கட்டிக் கேட்ட குரலை இப்போது தெளிவாகக் கேட்க முடிந்தது. பாடியவர் இல்லை. தறியும் ஓடவில்லை.

அந்த ஆல்பத்தைப் பற்றி என் கருத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். மெட்டில் ‘கந்தீசா’வை அது மிஞ்சவில்லை. ‘மா ரேவா’ மாதிரி ஊரே சேர்ந்து பாடக்கூடிய ஒரு பாட்டு அதில் கிடையாது. ஆனால் முதலில் வந்த ‘சாந்த்’ பாட்டிலும், என்.எம். ராஷித்தின் உருதுக் கவிதையை எடுத்துக்கொண்ட ‘டர்தே ஹோ’விலும் அவசரமே இல்லாத ஒரு நிதானம் இருக்கிறது. நாலு பேர் பல வருடம் ஒரே அறையில் உட்கார்ந்து, ஒருவர் எப்போது மூச்சு விடுவார் என்பது மற்றவருக்குத் தெரிந்த பிறகு வருகிற வாசிப்பு அது. இளமையில் அதை வாசிக்க முடியாது. மறுபடி மறுபடி நான் போட்டுக் கேட்பது இந்த ஏழு பாட்டைத்தான்.

உலகத்தில் பல குழுக்கள் இப்படி நெடுநாள் கழித்து வந்திருக்கின்றன. ‘மை பிளடி வேலன்டைன்’ 1991-க்குப் பிறகு 2013-இல்தான் அடுத்த ஆல்பத்தைக் கொடுத்தது. அதுவும் கம்பெனி வழியாக இல்லை, சொந்த இணையதளத்தில். ‘தி க்யூர்’ 2008-இல் நிறுத்தியதை 2024 நவம்பரில் தொடர்ந்து, 1992-க்குப் பிறகு முதன்முறையாக இங்கிலாந்தில் முதலிடத்துக்கு வந்தது. பாட்டுக்காரன் பதினாறு வருடம், இருபத்திரண்டு வருடம் கழித்துத் திரும்பினாலும் அவனுக்கு ஒரு இடம் இருக்கிறது. அவன் கையிலிருப்பது அவனுடைய பொருள் என்பதுதான் காரணம்.

சோமனூர் தறிக்காரனுக்கு அது கிடையாது. தறி எங்களுடையது, குடோன் எங்களுடையது, கரண்ட் பில் எங்களுடையது. பாவும் ஊடையும் ஜவுளி உற்பத்தியாளர் கொடுப்பது. நெய்த துணி அவருக்குப் போகும். எங்களுக்குக் கூலி மட்டும். அந்தக் கூலிக்கு 2014-இல் ஒப்பந்தம் போட்டோம். ‘இந்தியன் ஓஷன்’ ‘தண்டனு’ ஆல்பத்தை வெளியிட்டதும் அதே 2014-தான். செல்வகணேஷின் தாளமும் குமரேஷின் வயலினும் சேர்ந்த அந்த ஆல்பத்தில் நம்மவர் கை கேட்டபோது பெருமையாக இருந்தது. சுஸ்மித் சென் அதற்கு முன்பே விலகிவிட்டார், கிதாருக்கு நிகில் ராவ் வந்தார். ஹிமான்ஷு ஜோஷியும் துஹீன் சக்ரவர்த்தியும் அஷீம் இருந்த இடத்தை நிரப்ப முயன்றார்கள். அடுத்த ஆல்பம் ‘தூ ஹை’ 2023-இல் வந்தது. ஆள் மாறியும், இடைவெளி ஒன்பது வருடம் ஆகியும், அவர்கள் பெயர் அவர்களிடமே இருந்தது. அதே காலத்தில் எங்கள் பக்கம் 2014 கூலியை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் தள்ளாடினோம். 2021 கடைசியில் பேசி முடித்த உயர்வு கைக்கு வராமல் 2022 ஜனவரியில் தறியை நிறுத்திப் போராடினோம். எட்டுத் தறியில் நான்கை அப்பா பழைய இரும்புக்குப் போட்டது அதற்கு அடுத்த வருடம். எடைக் கற்கள் வைத்த லாரியில் ஏற்றும்போது நாடாக்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார்.

2025 மார்ச்சில் மறுபடி வேலைநிறுத்தம், ஒரு மாதத்துக்கு மேல். கோவை, திருப்பூர் இரண்டு மாவட்டத்திலும் தறி நின்றது. பக்கத்துக் குடோனில் பீகாரிலிருந்து வந்து வேலை செய்யும் பையன் ஒருவன், சொந்த ஊருக்குப் போகவும் முடியாமல் இங்கே வேலையும் இல்லாமல் எங்கள் வாசலில் வந்து உட்காருவான். நான் கேசட் காலத்துப் பாட்டுகளைப் போனில் போட்டிருந்தேன். ‘கந்தீசா’வின் ‘ஹில்லே லே’ ஓடத் தொடங்கியதும் நிமிர்ந்தான்.

“அண்ணா, இது எங்க ஊர் பேச்சு. எங்க ஊர்ல கூட்டத்துல பாடுவாங்க.”

போஜ்புரியில் கோரக் பாண்டே எழுதிய பாட்டு அது. இருபத்தைந்து வருடமாக நான் பொருள் தெரியாமல் கேட்டு வந்ததை, தெரிந்த தமிழில் வரி வரியாக அவன் சொன்னான். மக்கள் படையாகத் திரண்டு வருகிறார்கள், உலகமே ஆட்டம் காண்கிறது என்பதுதான் சாரம். அப்பாவும் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்குக் கருமத்தம்பட்டியில் எங்கள் ஆட்கள் உண்ணாவிரதப் பந்தலில் இருந்தார்கள். “இதை அங்க போய் போடு சாமி” என்றார் அப்பா.

ஏப்ரலில் உடன்பாடு வந்தது. சோமனூர் ரகத்துக்கு 15 சதவீதம், மற்ற ரகங்களுக்கு 10 சதவீதம். நல்லதுதான். ஆனால் போட்ட கையெழுத்துக்குச் சட்டத்தின் பலம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நாங்கள் முன்பே பட்டுத் தெரிந்துகொண்டோம். ஒரு இசைக்குழு ஆல்பம் போடுவதை ஒன்பது வருடம் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கலாம். ஒருமுறை இரும்புக்கு எடை போட்ட தறி மறுபடி ஓடாது. நெசவாளர்கள் கேட்பது சட்டப் பாதுகாப்புள்ள கூலி ஒப்பந்தம். அரசு அதைச் சட்டமாக்கித் தர வேண்டும், மிச்சமிருக்கிற தறிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே தர வேண்டும்.