நன்றி மறவாத நாடு

படைவீரனைப் போற்றுவதில் நமக்கு நிகர் யாருமில்லை. 1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7 அன்று கொடி நாள் கொண்டாடுகிறோம். சட்டையில் குத்திய காகிதக் கொடியை அன்று மாலைவரை விழாமல் பார்த்துக்கொள்கிறோம்.

சென்னையை ஒட்டிய கரையான்சாவடிக்காரர்களான நமக்கு இதில் கூடுதல் பழக்கம். பக்கத்துப் பூந்தமல்லி வெள்ளைக்காரன் காலத்துக் கண்டோன்மென்ட். வடக்கே ஆவடியில் டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை. பட்டாளத்தின் அருமை தெரிந்த வட்டாரம் என்பதால், அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் காவலாள் தேடும்போது "மிலிட்டரிக்காரரா இருந்தா நல்லது" என்று கேட்டு வாங்குகிறோம். எல்லையைக் காத்தவரிடம் நம் கேட்டையும் ஒப்படைக்கிற பெருந்தன்மை அது. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றும், வண்டி நம்பர் எழுத நீள நோட்டு ஒன்றும் கொடுத்து உட்காரவைக்கிறோம். கார் நுழையும்போது முழங்கால் வலியோடு எழுந்து, விறைத்து நின்று சல்யூட் அடிக்கிறார். கண்ணாடியை இறக்காமலே அதை ஏற்றுக்கொள்கிறோம்.

பதக்கம் வாங்கியவர் என்றால் நம் கை இன்னும் தாராளம். 1987 ஜூனில் சியாச்சினில், 21,000 அடி உயரத்தில், செங்குத்துப் பனிச்சுவரில் ஏறிப் பாகிஸ்தானின் காவல்சாவடியைக் கைப்பற்றினார் நாயிப் சுபேதார் பாணா சிங். நாடு பரம்வீர் சக்ரா அணிவித்தது. அந்தச் சிகரத்துக்கே அவர் பெயரை வைத்தது. அவருடைய சொந்த மாநிலமான ஜம்மு காஷ்மீரோ பதக்கத்துக்காக மாதம் 166 ரூபாய் கொடுத்தது. எங்கள் மாநிலத்துக்குக் குடிவந்தால் அள்ளித் தருகிறோம் என்று பஞ்சாப் அழைத்தபோது அவர் போகவில்லை. மண்ணை விட்டுப் போகத் தெரியாதவர்களைத்தான் நாம் வீரர்கள் என்று தேர்ந்தெடுத்திருக்கிறோம்.

மத்திய அரசும் குறை வைக்கவில்லை. 2017இல் வீர் சக்ரா பெற்றவரின் மாதப்படியை 3,500 ரூபாயிலிருந்து 7,000 ஆக்கியது. பரம்வீர் சக்ராவுக்கு 20,000. நாட்டின் ஆக உயர்ந்த வீரத்துக்கு நாம் கண்ட விலை அது.

ஊனமுற்று வந்தவர்கள் மீது காட்டிய அக்கறைதான் எல்லாவற்றிலும் மேலானது. அவர்களை வீட்டில் சும்மா முடங்க விடாமல் உச்ச நீதிமன்றம்வரை அழைத்துச் சென்றோம். ஊன ஓய்வூதியத்தைக் கணக்கிடும்போது 30 சதவீத ஊனத்தை 50 என்று உயர்த்திக் கொள்ளும் சலுகை, பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்குக் கிடையாது என்று எண்ணூறுக்கும் மேற்பட்ட மேல்முறையீடுகள் போட்டோம். 2014 டிசம்பர் 10 அன்று நீதிமன்றம் அத்தனையையும் தள்ளுபடி செய்தது. நாம் சோர்ந்துவிடவில்லை. 2019 ஜூனில், ஊனத்தோடு முழுப் பணிக்காலத்தையும் முடித்தவரின் ஊன ஓய்வூதியத்துக்கு வரிவிலக்கு கிடையாது என்று சுற்றறிக்கை விட்டோம். அதன்படி, காயத்தோடு பாதியில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவருக்கு விலக்கு. காயத்தோடு கடைசிவரை உழைத்தவருக்கு வரி.

2015 ஆகஸ்ட் 14 அன்று டெல்லி ஜந்தர் மந்தரில், ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம் கேட்டு உட்கார்ந்திருந்த முதியவர்களைப் போலீசை விட்டு அப்புறப்படுத்தினோம். அவர்கள் சட்டையில் பதக்கங்கள் இருந்தன. மறுநாள் சுதந்திர தினம்.

ஔவையார் நினைவுக்கு வருகிறார். அதியமானின் தூதாகக் காஞ்சிக்குப் போனவர், தொண்டைமானின் படைக்கலங்கள் மயிற்பீலி சூடி, நெய் பூசி, காவலோடு பளபளப்பதைப் புகழ்ந்தார். அதியமானுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதாக வருந்தினார். எது போருக்குப் போன ஆயுதம் என்று தொண்டைமானுக்குப் புரிந்திருக்கும். கரையான்சாவடியும் அந்தத் தொண்டை மண்டலத்து ஊர்தான். நாம் பதக்கத்துக்கு நெய் பூசுகிறோம். முறிந்து வந்த மனிதரைக் கோர்ட் வராந்தாவில் நிறுத்துகிறோம்.

இனிப் புகழ்ச்சி வேண்டாம், நேராகவே கேட்கிறேன். ஊனமுற்ற வீரருக்கு ஒரு தீர்ப்பாயம் ஓய்வூதியம் கொடு என்று சொன்னால் கொடுத்துவிடுங்கள், மேல்முறையீட்டுக்கு ஓடாதீர்கள். நம் கேட்டில் நிற்கிற மிலிட்டரிக்காரருக்கு வார விடுமுறையும் சட்டப்படியான சம்பளமும் கிடைக்கிறதா என்று இந்த மாதச் சங்கக் கூட்டத்தில் கேளுங்கள்.