தொட்டிக்கு மேலிட்ட விளக்கு

சென்னையில் இரவு ஒன்பது மணிக்கு மேல் அடுக்குமாடிக் குடியிருப்புகளை அண்ணாந்து பார்த்தபடி நடந்தால், எங்காவது ஒரு மூன்றாவது மாடி ஜன்னல் மட்டும் ராத்திரி ஆம்னி பஸ்ஸின் உட்புறம்போல நீலமாகத் தெரியும். ஆனால் அங்கே யாரும் தூங்கவில்லை. ஒருவர் ஸ்டூல் போட்டு ஏறி, தொங்குகிற விளக்கை ஓர் அங்குலம் இறக்கலாமா, அரை அங்குலம் ஏற்றலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர்தான் பவளத்தொட்டிக்காரர்.

சாதாரண மீன்தொட்டிக்காரரோடு இவரைச் சேர்த்துவிடக் கூடாது, கோபித்துக்கொள்வார். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை கொளத்தூருக்குப் போய், நாலு கோல்ட்ஃபிஷ்ஷைப் பாலிதீன் பையில் வாங்கி வந்து, கடைக்காரர் கொடுத்த பல்பை மாட்டிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடுகிறவர்கள். இவர் உப்புத்தண்ணீர்க்காரர். இவருக்கு நிம்மதி ஒத்துக்கொள்ளாது.

“பவளத்துக்கு எதுக்கு சார் விளக்கு?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நான் கேட்டேன். காபி ஆறியது, இரண்டாவது காபி வந்தது, அதுவும் ஆறியது. பவளம் செடியில்லை, கல்லும் இல்லை, உயிருள்ள பிராணி. அதன் சதைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சம்தான் அவற்றுக்கு அடுப்பு. சமைத்ததில் பெரும்பங்கை வீட்டுக்காரருக்கே வாடகையாகக் கொடுத்துவிடும் உத்தமக் குடித்தனம். வெளிச்சம் குறைந்தால் வாடகை வராது. தண்ணீர் சூடானாலோ வெளிச்சம் மிஞ்சினாலோ அட்வான்ஸைக்கூடத் திருப்பிக் கேட்காமல் காலி செய்துவிடும். வீடு வெள்ளையடித்ததுபோல் வெளுத்து நிற்கும். இதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. சொந்த வீட்டு மாடிப் போர்ஷன் எட்டு மாதமாகக் காலியாக இருப்பதைப் பற்றி அவர் இவ்வளவு உருகிப் பேசி நான் கேட்டதில்லை.

முதலில் வாங்கியது மெட்டல் ஹாலைடு, 400 வாட். அது வெளிச்சத்தோடு சித்திரை வெயிலையும் சேர்த்துக் கொடுத்தது. தண்ணீர் 26 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பதால் ஒரு சில்லர் வாங்கினார். மேலே அடுப்பு, கீழே ஐஸ். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அரசாங்கம் அப்போது இலவசமாகத் தந்த 100 யூனிட் அந்த வீட்டில் முதல் வாரத்தைத் தாண்டியதில்லை. அடுத்து டி5 குழல்விளக்கு. வெளிச்சம் பந்திச் சாதம்போலச் சமமாகப் பரவியது. ஆனால் தரையில் அலைநிழல் ஆடவில்லை, “கடல் மாதிரியே இல்ல சார்” என்று கழற்றிவிட்டார். இப்போது எல்.இ.டி. நீல எல்.இ.டி.க்காக மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். உலகத்துக்கே மின்சாரம் மிச்சமாகும் என்று அவர்கள் நினைத்தது, இவரைப் பற்றித் தெரியாமல்.

கடையில் பெட்டியின் மேல் லூமென் கணக்குப் போட்டிருந்தால் சிரிப்பார். லூமென் என்பது மனிதக் கண்ணுக்கு ஏற்ப அளப்பது. நம் கண்ணுக்குப் பச்சைதான் பளிச்சென்று தெரியும். “பவளத்துக்குக் கண் ஏது சார்?” ஆழம் போகப் போகத் தண்ணீர் முதலில் சிவப்பைத்தான் விழுங்கும்; மிஞ்சிக் கீழே போவது நீலம். ஆகவே 20,000 கெல்வின். ஆகவே அந்த வீட்டில் குழந்தைகள் வீட்டுப்பாடம் எழுதுவதும், மாமியார் பருப்பில் கல் பொறுக்குவதும் நீலத்தில்.

அசல் அளவு ‘பார்’. பாசி சமைக்கப் பயன்படுகிற ஒளியை மட்டும் எண்ணுகிற கணக்கு அது. மென்பவளத்துக்கு 100 போதும்; கிளைவிடும் கடினப் பவளம் 300 கேட்கும். ஒருநாள் பால்கனியில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார்: “நேத்து ராத்திரி பார்ல 150தான் சார். வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கிட்டே போறேன். ஒரேயடியா 300 போனா தாங்காது.” உள்ளே மாமியார் பருப்பைக் கீழே வைத்தார். அன்றைக்கே ஊரிலிருந்து மைத்துனர் கிளம்பி வந்து, மாப்பிள்ளையின் வாயை நாசூக்காக மோந்து பார்த்தார்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேனே. அந்தத் தொட்டியில் பவளம் கிடையாது.

கடினப் பவளத்தை 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். புலி இருக்கிற அதே அட்டவணை. இவர் சிக்னலில் மஞ்சள் விழுந்தாலே நிற்கிறவர். ஹாலில் புலி வளர்ப்பாரா? எனவே தொட்டியில் இருப்பவை பீங்கான் பாறைகள், பொரிப்பகத்தில் பிறந்த இரண்டு கோமாளி மீன்கள். அவையும் பகலெல்லாம் பாறையின் நிழலில்தான். பெண் பார்ப்பதற்கு முன்பே மண்டபம் பிடித்து, சீரியல் செட் போட்டு, கச்சேரிக்கும் சொல்லிவிட்ட கல்யாணம் இது.

“நாளைக்கே சட்டம் மாறினா சார்? அப்போ லைட்டுக்கு எங்கே ஓடறது?”

அவர் தொட்டிக்குச் சூரியன் காலை பதினோரு மணிக்கு உதிக்கும். நடுவில் மேகம் மூடும், இடி இல்லாமல் மின்னும், வளர்பிறை தேய்பிறை பார்த்து நிலா வரும். எல்லாம் போனில். “விளக்கு வெச்சப்புறம் வீட்டைப் பெருக்காதேடி” என்று மாமியார் சொன்னால், அவர் மனைவி துடைப்பத்தோடு நின்று கேட்பார்: “எந்த விளக்கும்மா?”

அந்த அம்மாள் பெரிதாக எதுவும் சண்டை போட்டதில்லை. கழற்றிப் போட்ட டி5ஐ மட்டும் எடுத்துப்போய், எதிர்பிளாக் எழும்பிய பிறகு வெயிலே படாத சமையலறைப் பால்கனியில், குச்சியாக நின்ற கறிவேப்பிலைத் தொட்டிக்கு மேல் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். மூன்றே மாதத்தில் எங்கள் மாடி முழுவதற்கும் கறிவேப்பிலை அங்கிருந்துதான்.

போன வாரம் நானும் நாலு கொத்து வாங்கப் போயிருந்தேன். பவளத்தொட்டிக்காரர் பால்கனியில் குந்தியிருந்தார். யாரிடமோ இரவல் வாங்கிய மீட்டரின் கண்ணை இலைகளுக்கு நடுவே பிடித்துக்கொண்டு, எண்ணைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், மறுபடி எண்ணைப் பார்த்தார்.

“ஏம்மா, இதை ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வெக்கிறே? என்ன உயரம்?”

உள்ளே கடுகு வெடித்தது.

“காலையில பால் வர்றப்ப போடுவேன். ராத்திரி பாத்திரம் கழுவினதும் அணைச்சிடுவேன். உயரமா? கயிறு அவ்வளவுதாங்க இருந்துச்சு.”

அவர் அதைக் குறித்துக்கொண்டார்.