வண்டிக்குத் தடையில்லை

2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் பக்கம் பாலுசெட்டி சத்திரத்தருகே நெடுஞ்சாலையில் யூடியூபர் டி.டி.எஃப். வாசன் பைக்கின் முன்சக்கரத்தைத் தூக்கிக் காட்டினார், கை முறிந்தது. ஆர்.டி.ஓ. லைசென்சைப் பத்து ஆண்டுகளுக்கு முடக்கினார். 2033 வரை ஓட்டக்கூடாது, அவ்வளவுதான்.

வண்டி வாங்கலாம், இன்ஷூரன்சும் எடுக்கலாம். அமெரிக்காவில் லைசென்ஸ் முடங்கினால் பிரீமியம் எகிறும். இங்கே பாலிசி வண்டிக்கு. காஞ்சிபுரம் காந்தி ரோடு பட்டுக் கடையில் ஜரிகையை உரசிப் பார்த்துதான் புடவை எடுக்கிறோம். வண்டி இன்ஷூரன்சுக்குப் பதிவெண்ணைத் தட்டினால் போதும். உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்புக்கு மட்டும் லைசென்ஸ் வேண்டும். அதற்கும் ஆன்லைனில் ஒரு டிக் அடித்தால் முடிந்தது.

லைசென்சை எடுத்துக் காட்டச் சொல்வது மோதிய பிறகுதான். அடிபட்டவருக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் கட்டும். லைசென்ஸ் இல்லையென்றால், பிறகு அந்தப் பணத்தைக் கேட்டு உரிமையாளர் வீட்டு வாசலில் வந்து நிற்கும்.